துவக்குக்கு ஒரு மலிவு விசை

1

கனடாவில் ஒருவர் தன் துவக்கின் விசையை மலிவாக மாற்றுவது எப்படி என்று ஊரிலிருந்து எவரும் என்னிடம் கேட்டதில்லை. ஊரிலிருந்து கேட்பவை இரண்டே கேள்விகள். குளிர் எப்படி? மகளுக்கு எப்போது கல்யாணம்? இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: "பாப்பம்." ஆகவே இந்த முறை கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

பயப்பட வேண்டாம். என்னிடம் இருப்பது சின்னத் துவக்கு. கடதாசியில் வட்டம் அச்சடித்துத் தொங்கவிட்டு, அந்த வட்டத்தைச் சுடுவதற்கு மட்டும் பயன்படுவது. ஒரு குண்டு போனதும் அடுத்த குண்டு தானாக ஏறி நிற்கும். ஆனாலும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை விசையை இழுத்தே ஆகவேண்டும். விசை என்றால், விரலால் இழுக்கிற அந்தச் சின்ன நாக்கு, ஆங்கிலத்தில் ரிகர்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் ஒரு சின்ன வீட்டில் நானும் மனைவி தவமும் இருக்கிறோம். மகள் அபி நகரத்தின் நடுவே ஒரு கொண்டோ அடுக்குமாடியில் தனியாக இருக்கிறாள். எனக்கு ஓ.எல். வரைதான் படிப்பு. உறைய வைத்த பாண்மாவைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. பிறவியிலேயே கூச்சம். கல்யாண வீட்டுக்குப் போனால், தவத்தை வாசலில் இறக்கிவிட்டு, காரை நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போய், தாலி கட்டி முடிந்த பிறகுதான் மண்டபத்துக்குள் வருவேன். ஸ்காபரோவில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம் என்று எல்லோரும் என்மீது இரக்கப்படுவார்கள்.

வேலையிடத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர் ஜெரி. கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த வெள்ளைக்காரர். நான் பேசாமல் நிற்பதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. அவரும் பேசமாட்டார். இப்படிச் சில வருடங்கள் பேசாமலே நண்பர்களாக இருந்தோம். ஒருநாள், மார்க்கம் நகரத்துக்கு வடக்கே தாங்கள் நடத்தும் ஒரு சுடும் சங்கத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே போனதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீண்ட மண்டபம். வரிசையாக மேசைகள். எல்லோரும் காதுக் கவசம் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. கதைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம், கதைத்தால் கண்டிப்பார்கள். வாயையும் மூடிக்கொண்டு, காதையும் மூடிக்கொண்டு, ஆனால் மனிதர்களுக்கு நடுவில் இருக்கக்கூடிய ஓர் இடம். இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அன்றே சேர்ந்துவிட்டேன்.

2

அன்றே சேர்ந்துவிட்டேன் என்று எழுதிவிட்டேன். கனடாவில் எதிலும் அன்றே சேரமுடியாது.

முதலில் லைசென்சுக்கான வகுப்பு. வகுப்பில் படிப்பித்தவர், "இதற்கு முன் யாருக்குத் துவக்கோடு பழக்கம் உண்டு?" என்று கேட்டார். தாத்தாவோடு வேட்டைக்குப் போனேன், மாமாவோடு வாத்துச் சுட்டேன் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என்னுடைய முறை வந்தது. பழக்கம் உண்டுதான், ஆனால் அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? "ஒன்லி ஃப்ரண்ட் சைட்" என்றேன். வகுப்பு சிரித்தது. பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு நின்றுவிட்டது. படிப்பித்தவர் எனக்கு ஒரு கோப்பி கொண்டுவந்து தந்தார்.

பிறகு பரீட்சை. பிறகு விண்ணப்பம். விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்து வேண்டுமாம். இல்லாவிட்டால் அவர்களே மனைவியைத் தொடர்புகொண்டு கேட்பார்களாம். அரசாங்கம் தவத்துக்குப் போன் எடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பாவம் அரசாங்கம். நானே கேட்பது என்று முடிவு செய்தேன்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்?" என்றாள் தவம். "உதுக்குப் பயந்துதானே மனிசா, உடுத்த உடுப்போட இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்? இப்ப காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள வைக்கப் போறியளோ?"

"கடதாசி சுடத்தான்."

"கடதாசி உங்களுக்கு என்ன செய்தது?"

ஒரு மாதம் கழித்து அவளே கையெழுத்துப் போட்டாள். அவுஸ்திரேலியாவில் இருக்கும் தங்கச்சியோடு அவள் கதைப்பது வியாழக்கிழமைப் பின்னேரங்களில்தான், சங்கம் கூடுவதும் அதே நேரம். அந்த நேரம் நான் வீட்டுக்குள் பூனை மாதிரி குறுக்கும் மறுக்கும் நடப்பது அவளுக்கு இடைஞ்சல். நிபந்தனை இரண்டு. ஒன்று, அது நிலவறை அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கவேண்டும். அவள் அதைப் பார்க்கவும் மாட்டாள், தொடவும் மாட்டாள். சட்டமும் பூட்டித்தான் வைக்கவேண்டும் என்கிறது. சட்டமும் தவமும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

இரண்டாவது நிபந்தனை கடினம். "எங்கட சனம் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அபிக்குச் சம்பந்தம் பேசி வாறவைக்கு என்ன சொல்லுறது? தேப்பன் கீழ துவக்கோட இருக்கிறார், மேல வந்து தேத்தண்ணி குடியுங்கோ எண்டோ?"

3

குளிரான மாவைப் பல வருடங்கள் பிடித்த கை என்னுடையது. போன வருடம் வலது ஆட்காட்டி விரல் மடங்க மறுத்தது. மடங்கினால் நிமிர மறுத்தது. டொக்ரர் வாதம் என்றார். குளிரில் வேலை செய்யக் கூடாது என்றார். இதை அவர் சொன்னபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

என் துவக்கு, சங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கிய பழையது. அதன் விசை சரியான கனம். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். எப்போது வெடிக்கும் என்று எனக்கும் தெரியாது, துவக்குக்கும் தெரியாது. நல்ல விரலுக்கே அது பாரம். என் விரலுக்கு, கோயில் தேரைத் தனியாக இழுப்பது மாதிரி. முழுக்கையையும் சேர்த்து இழுப்பேன். துவக்கும் கையோடு சேர்ந்து திரும்பும்.

ஒரு வியாழக்கிழமை ஜெரி தன் கடதாசியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் கடதாசிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றவை.

"நான் சுட்டதைவிட இதில் ஓட்டை கூடுதலாக இருக்கிறது" என்றார்.

என் கடதாசியைப் பார்த்தோம். அதில் குறைவாக இருந்தது. கணக்குச் சரி.

அப்போது அவர் சிரித்தார். அடுத்த கிழமையும் அதே நடந்தபோது சிரிக்கவில்லை. அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பானவரும் அவர்தான். என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நீ என் நண்பன். ஆனால் சுடும்போது திரும்புகிற துவக்கை நான் விடமுடியாது. மாத முடிவுக்குள் நல்ல விசையாகப் போடு. போட்ட பிறகு ஒரு நாள் நான் உன்னைச் சோதிப்பேன். ஒரு குண்டு பக்கத்துக் கடதாசிக்குப் போனாலும் உன் இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டி வரும். வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும்."

தெரியும். சிலர் இரண்டு மூன்று வருடமாகக் காத்திருக்கிறார்கள். இடத்தை விட்டால் என் வயதில் திரும்பக் கிடைக்காது. வியாழக்கிழமைகள் போய்விடும். நான் மறுபடியும் கல்யாண வீடுகளின் கார் நிறுத்துமிடங்களில் வாழவேண்டியதுதான்.

4

ஸ்காபரோத் தமிழன் ஒரு பொருள் வாங்கும் முறை ஒன்று இருக்கிறது. வீட்டுக்குச் சூடேற்றும் அடுப்பு பழுதாகிப்போனால் முதலில் மச்சானைக் கேட்பது. மச்சான் தன் சகலனைக் கேட்பார். சகலன் ஒருவர் இருக்கிறார் என்பார். அந்த ஒருவர் யூனியன்வில்லில் இருப்பார், அவர் வீட்டுக்குக் குடும்பமாகப் போய்ச் சாப்பிட்டு அவருடைய அடுப்பைத் தொட்டுப் பார்ப்பது. கோயிலில் மூன்று பேரைக் கேட்பது. ஒவ்வொருவரும் மற்றவர் சொன்னதை வாங்கினால் அழிந்தாய் என்பார்கள். கடைசியில் எல்லோரும் வேண்டாம் என்றதை வாங்கிக்கொண்டு வருவது. இதற்குள் குளிர்காலம் முடிந்திருக்கும்.

விசை விஷயத்தில் எங்கள் சனம் ஒருவரையும் கேட்க வழியில்லை; சோதிக்கப்போகிற ஜெரியைக் கேட்கக் கூச்சம். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொருளை நானே தெரிவு செய்யவேண்டி வந்தது. கடைசியில் அபியை வீடியோவில் கூப்பிட்டேன். வாங்கியவர்கள் கணினியில் எழுதிவைத்த கருத்துகளை அவள் வாசித்துச் சொல்லவேண்டும்; அந்த ஆங்கிலம் எனக்கு எட்டாது.

"அப்பா, ஐ டோன்ட் அப்ரூவ், ஓகே? பட் நான் வாசிக்கிறன்."

"வாசி பிள்ளை."

அவள் வாசித்ததில் மூன்று வகை இருப்பது விளங்கியது. ஒன்று, மிக மலிவு; சின்னச் சின்ன உதிரிகளும் ஸ்பிரிங்கும் ஒரு பையில் வரும், நாமே பழையதைக் கழற்றி உள்ளே பொருத்தவேண்டும். என் விரலால் சட்டைப் பொத்தானே பூட்ட முடியவில்லை, அது சரிவராது. இன்னொன்று, பெயர்போன ஒருவர் செய்வது. முழுதாகக் கழற்றி முழுதாகப் போடலாம், பஞ்சு போல இழுபடுமாம். அதன் விலை என் துவக்கின் விலையைவிடக் கூட. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மூன்றாவது, துவக்கு செய்த கொம்பனியே செய்கிற கொஞ்சம் திருத்தமான விசை. உடம்பு பிளாஸ்ரிக். விலை நடுத்தரம்.

"இந்த நடுவில இருக்கிறதைப் பற்றி என்ன சொல்லினம்?"

"ஒராள் நல்லம் எண்டுறார். ஒராள் கார்பேஜ் எண்டுறார். இவர் சொல்லுறார், வெயிட்... கண்ணாடி... ஸ்டிக்? கண்ணாடிக் குச்சி முறியிற மாதிரி இருக்கவேணுமாம், பட் இது அப்பிடி இல்லையாம்."

"கண்ணாடிக் குச்சியை ஆர் முறிச்சுப் பாத்தது?"

"ஐ டோன்ட் நோ அப்பா. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுகினம்."

வெள்ளைக்காரர் வீடுகளில் கண்ணாடிக் குச்சிகள் இருக்குமோ, சும்மா இருக்கிற நேரத்தில் முறித்து முறித்துப் பார்ப்பார்களோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அபி கேட்டாள்:

"வை டு யூ ஈவன் லைக் திஸ், அப்பா? சீரியஸ்லி."

"அங்க ஒருத்தரும் கதைக்க மாட்டினம்."

"அதுக்கு லைப்ரரி இருக்கே, அப்பா" என்றாள்.

5

நேரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குவோம் என்று ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன். நகரத்துக்கு வெளியே பெரிய கடை. ஒரு பக்கம் தூண்டில், படகு, மறுபக்கம் துவக்கு, நடுவில் இலை தழை அச்சடித்த வேட்டை மேலங்கிகள் வரிசையாகத் தொங்கும். துவக்குப் பக்கம் நின்றவர் தாடி வைத்த பெரிய மனிதர். சட்டையில் வெய்ன் என்று பெயர் குத்தியிருந்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் காலத்தில் துவக்கு என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்ன ஒருவரையும் எனக்குத் தெரியாது. துவக்கு வைத்திருந்தவர்களும் சொல்லவில்லை, வைத்திருக்காதவர்களும் சொல்லவில்லை. "அது" என்போம். "சாமான்" என்போம். கடிதத்திலும் அப்படித்தான். அந்த இடம் வந்ததும் குரல் தானாக இறங்கும், கண் தானாக வாசலைப் பார்க்கும். கனடாவுக்கு வந்தும் இறங்கின குரல் ஏறவில்லை. எனக்கே அது தெரியாது, அன்று வரை.

வெய்னுக்கு மிக அருகில் போய், வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, காதோடு சொல்வது போல, "ரிகர்" என்றேன்.

"சொறி?" என்றார்.

குரலை இன்னும் தாழ்த்தினேன். "ரிகர். சீப்."

அவர் ஓர் அடி பின்னால் போனார். எதற்கு, எந்தத் துவக்குக்கு என்று சாதாரணக் குரலில் கேட்டார். அவருடைய சாதாரணக் குரல் கடை முழுவதும் கேட்டது. எனக்கு வியர்த்தது. கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். "ஏன் ரகசியமாகப் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். "ஹாபிட்" என்று ரகசியமாகச் சொன்னேன்.

அப்போது கதவு திறந்து உள்ளே வந்தவர் எங்கள் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் நடேசு அண்ணை. நெற்றியில் விபூதி. நான் யோசிக்கவில்லை. ஒரே பாய்ச்சலில் வேட்டை மேலங்கிகளுக்குள் புகுந்துவிட்டேன். இரண்டு மேலங்கிக் கைகளுக்கு நடுவால் எட்டிப் பார்த்தபோது, நடேசு அண்ணை என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நிமிடம் அவர் குனிந்து, ஒரு படகின் பின்னால் மறைந்து, வந்த வழியே போய்விட்டார்.

வெய்ன் எல்லாவற்றையும் பார்த்தார். நான் இலை தழைகளுக்குள் இருந்து வெளியே வரும்வரை பொறுமையாக நின்றார். பிறகு மரியாதையாகவே சொன்னார்: இன்றைக்கு உங்களுக்கு எதையும் விற்க எனக்கு மனம் வரவில்லை, இன்னொரு நாள் வாருங்கள், உங்களைத் தெரிந்த ஒருவரோடு வந்தால் நல்லது.

"தாங்க்யூ" என்றேன். இந்த நாட்டில் யார் என்ன சொன்னாலும் முதலில் தாங்க்யூ சொல்லப் பழகியிருக்கிறேன். தொழிற்சாலையில் ஒருமுறை ஆட்குறைப்புச் செய்தபோதும் அதைத்தான் சொன்னேன்.

6

மறுநாள் கோயிலில் நடேசு அண்ணை என்னை நவக்கிரகத்துக்குப் பின்னால் மடக்கினார்.

"தம்பி, நேற்று நான் அங்க தூண்டில் வாங்கத்தான் வந்தனான்."

"நானும் அதுக்குத்தான் அண்ணை."

"ஓமோம். மீன் நல்லம்."

"நல்லம் அண்ணை."

இரண்டு பேரும் சனி பகவானைக் கும்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனோம். அவருடைய வலது தோளில், துவக்கின் அடிக்கட்டை முட்டுகிற இடத்தை அவர் தடவிக்கொண்டு போனது போல எனக்குப் பட்டது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் பொலிசுக்குச் சொல்லியிருந்தால்? லைசென்சைப் பறித்துவிட்டால்? வாசலில் கார் நின்றால் யன்னலுக்குப் போனேன். மூன்றாவது தடவை யன்னலுக்குப் போனபோது தவம் கேட்டாள், சொல்லவேண்டி வந்தது. "எனக்கு அப்பவே தெரியும்" என்று தொடங்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ர மனிசனைக் கள்ளன் எண்டு நினைச்சவனோ?" என்றாள்.

"இல்லைத் தவம், அவர் மரியாதையாத்தான்..."

"ஐஸ் குளிருக்குள்ள நிண்டு வேலை செய்து வரி கட்டுற மனிசனை? எடுங்கோ காரை."

"நீர் வரமாட்டன் எண்டனீர். பாக்கவும் மாட்டன் எண்டனீர்."

"நான் துவக்குப் பாக்க வரேல்ல. உவனைப் பாக்க வாறன்."

கோயிலுக்குக் கட்டிய பட்டுச் சேலைக்கு மேல் பனிக்கால மேலங்கியைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். வழியெல்லாம் உதடு அசைந்தது. ஆங்கிலத்தில் ஒத்திகை பார்க்கிறாள் என்று விளங்கியது.

கடைக்குள் போனதும் நேரே வெய்ன் முன்னால் போய் நின்று, கடை அதிரக் கேட்டாள்:

"யூ! வை யூ நாட் செல் மை ஹஸ்பண்ட்?"

தூண்டில் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். வெய்ன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அம்மா, அவரை விற்க எங்களுக்கு அனுமதி இல்லை" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. ஒத்திகை பார்த்ததைச் சொல்லி முடித்தாள். "ஹி இஸ் குட் மான். இன் அவர் கன்ட்ரி, கன் நோ லவுட் டோக்கிங். லவுட் டோக்கிங், ஃபினிஷ். சோ ஸ்மோல் வொய்ஸ். தேர்ட்டி இயர்ஸ் ஸ்மோல் வொய்ஸ். வித் மீ ஆல்சோ ஸ்மோல் வொய்ஸ்!"

வெய்ன் மேசையைச் சுற்றி வெளியே வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, மன்னிக்கவேண்டும் என்றார். லைசென்சைப் பார்த்தார். நான் என் வழமையான குரலில் விரலையும் ஜெரியையும் பற்றிச் சொன்னேன். தவம் அதை ஒலிபெருக்கி மாதிரித் திருப்பிச் சொன்னாள்.

அவர் மூன்று விசைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு கட்டையில் தனியாகப் பொருத்தியிருந்தது, துவக்கு இல்லாமல், வெறும் விசை. இழுத்துப் பார்க்கலாம். நான் இழுத்தேன். முதலாவது என்னுடையதைப் போல. மற்ற இரண்டும் மெல்லிசு. எது நல்லது என்று எப்படிச் சொல்வது? கண்ணாடிக் குச்சியை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

"தள்ளுங்கோ" என்றாள் தவம்.

தவம் சனிக்கிழமைகளில் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் வாங்குவதைப் பார்த்திருந்தால்தான் இது விளங்கும். ஒவ்வொரு காயாக எடுத்து நுனியை ஒரு விரலால் அமத்துவாள். டக்கென்று முறிந்தால் பைக்குள். வளைந்தால் திரும்பப் பெட்டிக்குள். முறிக்காதீர்கள் என்று கடையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவளுக்காகவே எழுதியது என்று நினைக்கிறேன். இப்போது அதே முகத்தோடு விரலை வைத்தாள்.

முதலாவதை இழுத்தாள். "உது முத்தல். வளைஞ்சு வளைஞ்சு வருது, முறியேல்ல."

விலை கூடியதைத் தொட்டாள். தொட்டதுமே டிக் என்றது. கையை வெடுக்கென்று எடுத்தாள். "சீ, உது தொட்டாச்சிணுங்கி. தும்மினாலே வெடிக்கும். இவற்ற கைக்கு உது கூடாது."

பிளாஸ்ரிக் உடம்புக்காரனை இழுத்தாள். திரும்ப இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை இழுத்தாள்.

"பிஞ்சு" என்றாள். "கொஞ்சம் வருது, நிக்குது, பிறகு முறியுது. இஞ்ச, பிடிச்சுப் பாருங்கோ."

பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது, நின்றது, முறிந்தது. விரல் நோகவில்லை. வெய்ன் அவளைப் பார்த்து, இதற்கு முன் இதெல்லாம் செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். "எவ்ரி சற்றடே" என்றாள். அவர் இன்னும் மரியாதையாகிவிட்டார். விலை கூடியதைத் தள்ளிவைத்து, இந்தக் கைக்கு நானும் இதைத்தான் தந்திருப்பேன் என்றார். தவம் "லாஸ்ட் பிரைஸ்?" என்று கேட்டாள். அட்டையில் உள்ளதுதான் விலை என்றார். அப்படியென்றால் கலண்டர் தரச்சொன்னாள். எங்கள் கடைகளில் கலண்டர் தராமல் எவரும் பொருள் விற்பதில்லை. அவர் உள்ளே போய்த் தேடி, மான் படம் போட்ட ஒரு கலண்டரைக் கொண்டுவந்தார். போன வருடத்துக் கலண்டர். மான் நல்ல மான் என்று வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது, காருக்குள் தவம் தன் வலது கையை மடியில் விரித்துப் பார்த்தாள்.

"விரல் நடுங்கேல்ல, கவனிச்சனீங்களோ?"

"ஓம்."

"நடுங்கும் எண்டுதான் நினைச்சன்" என்றாள்.

7

வியாழக்கிழமை அவளும் வந்தாள். தான் தெரிந்தெடுத்தது சரியோ என்று பார்க்கவேண்டுமாம். தங்கச்சியை வேறு நாள் கூப்பிடச் சொல்லிவிட்டாள்.

ஜெரி துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு இரண்டு ஊசிகளைத் தட்டிக் கழற்றி, பழைய விசையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, அதே ஊசிகளைத் தட்டினார். இவ்வளவுதான் வேலை. தராசில் மாட்டி இழுத்துப் பார்த்து, மிக மெல்லிசாகவும் இல்லை, சங்க விதிக்குச் சரி என்றார். "யார் தெரிவு செய்தது?" என்று கேட்டார். நான் தவத்தைக் காட்டினேன். அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

பார்க்க வருபவர்கள் இருப்பதற்கென்று பக்கத்தில் ஓர் அறை உண்டு. நடுவில் தடித்த கண்ணாடி. என்னுடைய இடம் ஓரத்தில், அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில். தவம் காதுக் கவசத்தை அட்டியல் மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய் அமர்ந்தாள். அங்கே தங்கள் முறைக்குக் காத்திருந்த நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் போலக் கதைக்காதவர்கள். அவர்களுக்கு இனி என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும், ஒன்றும் செய்யமுடியவில்லை.

சோதனை தொடங்கியது. முதல் சுற்று. கொஞ்சம் வந்தது, நின்றது, முறிந்தது. துவக்கு அசையவில்லை. இரண்டாம் சுற்றும் அப்படித்தான். ஜெரி தூரக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிச் சுற்றுக்கு ஐந்து குண்டுகள். மணிக்கூட்டை அழுத்தினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். தவம் எழுந்து நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைக்காரரின் கதையாக இருக்கும். நான் குறியைப் பார்த்தேன். திரும்ப ஓரக்கண் போனது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தவம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு நின்றாள்.

அந்த நிலை எனக்குத் தெரியும். சோதனைச் சாவடியில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நின்றோம். ஆனால் அவள் முழங்கையைக் கொஞ்சம் மடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெகுநேரம் நின்று களைத்தவள் மாதிரி நின்றாள். அந்த நாள் எது, அந்த இடம் எது என்று எனக்குத் தெரியாது. அவள் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டேன். ஜெரி மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். அவள் கைகள் மேலேயே இருந்தன. ஜெரி திரும்பவும் தட்டினார். நான் துவக்கை அப்படியே கடதாசிப் பக்கம் வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் அவள் கைகளை இறக்கினாள். ஏதோ சொன்னாள். ஒரு வயதான அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதற்குப் பிறகுதான் சுட்டேன்.

ஜெரி இரண்டு கடதாசிகளையும் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அவருடையதில் ஒரு ஓட்டையும் கூடவில்லை. என்னுடையதில் எல்லாம் இருந்தன. கடைசி ஐந்தில் இரண்டு கறுப்பு வட்டத்துக்கு வெளியே போயிருந்தன. ஆனாலும் என் கடதாசிதான்.

"இடம் உன்னுடையது" என்றார். "நடுவில் ஏன் நின்றாய்?"

"விரல்" என்றேன்.

காருக்குள் ஏறியதும் தவம் சொன்னாள்: "நல்ல சனம். பாவங்கள், ஒருத்தரும் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லப் போல. வாற வியாழன் றோல்ஸ் பொரிச்சுக் கொண்டுவாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"அங்க கதைக்கக் கூடாது, தவம்."

"அது கண்ணாடிக்கு உங்கட பக்கம்."

கொஞ்சத் தூரம் ஓட்டினேன். கேட்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். பிறகு கேட்டேன்.

"அவையளுக்கு என்ன சொன்னனீர்?"

அவள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கேக்காது எண்டபடியாத்தான் சொன்னன்" என்றாள்.